கேராஃப் மாவு மில்

1

போன மாதம் எங்கள் விடுதியில் வருடாந்தரப் பயிற்சி நடந்தது. இங்கிலாந்தில், வயதானவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். அதற்கு கேர் ஹோம் என்று பெயர். என் பதவி கேர் அசிஸ்டென்ட். தினமும் நான் நிரப்புகிற காகிதக் கட்டு கேர் பிளான். இவ்வளவு காலம் கழித்து ஒருவர் வந்து நின்று, "கேர் என்றால் என்ன?" என்று கேட்டால் கோபம் வருமா, வராதா?

கேட்டவர் பயிற்சி கொடுக்க வந்த டேனியல். என் மகளைவிட இளையவர். நாங்கள் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி "அன்பு" என்றாள். நைஜீரியாக்காரர் "பொறுமை" என்றார். என் முறை வந்தது. முதுகு பிடித்துக்கொண்ட எரிச்சலில், "சம்பளம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

டேனியலும் சிரித்துவிட்டு அடுத்த படத்தைச் சுவரில் போட்டார். இந்த வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நோயைக் குணமாக்குவதற்கு ஆங்கிலத்தில் 'க்யூர்' என்கிறோமே அதற்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள், அது தப்பு என்றார். இது இந்த நாட்டுப் பழைய வார்த்தை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதற்கு ஒரே அர்த்தம்தான். துக்கம். பழைய ஜெர்மன் மொழியில் இதன் பங்காளி வார்த்தைக்கு ஒப்பாரி என்று பொருள். இயேசு இறந்த வெள்ளிக்கிழமையை ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் அந்த வார்த்தையை வைத்துத்தான் சொல்கிறார்களாம். துக்கம் என்பது மெல்லக் கவலை என்றாகி, ஒருவரைப் பற்றிய கவலை என்றாகி, கடைசியில் அவரைப் பார்த்துக்கொள்வது என்று வந்து நின்றதாம்.

மற்றவர்கள் "ஓ" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்தார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்த வார்த்தையை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது இந்தத் தேசத்தில் இல்லை. திண்டிவனத்தில், எங்கள் அப்பாவின் மாவு மில்லில். அங்கே அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், துக்கம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

2

எண்பதுகளில் திண்டிவனத்தைச் சுற்றியிருந்த சின்ன ஊர்களில் தபால் வருவது ஒரு கூத்து. வாரத்தில் இரண்டு நாள் வரும். வருகிறவர் வெயிலில் ஊருக்குள் சுற்றுவானேன் என்று டீக்கடையில் மொத்தமாகப் போட்டுவிட்டு சைக்கிளைத் திருப்பிவிடுவார். டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் படித்து, அதற்கு ஒரு கருத்தும் சொல்லி முடித்த பிறகு கடிதம் வீட்டுக்குப் போகும். மருமகளுக்குத் தாய் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு முன்னால் ஊருக்குத் தெரியும்.

அதனால் இரகசியம் உள்ளவர்கள் டவுனில் ஒரு கேராஃப் பிடித்து வைத்திருப்பார்கள். சி என்று போட்டு, சாய்வாக ஒரு கோடு இழுத்து, ஓ போட்டு, அதற்குப் பிறகு நம்பிக்கையான ஓர் ஆளின் பெயர். டெய்லர் கடை, மருந்துக் கடை, சைக்கிள் கடை எல்லாம் இப்படிச் சில பேருக்கு விலாசமாக இருந்தன. எங்கள் மில் இருபது இருபத்தைந்து பேருக்கு விலாசம். கேப்பை அரைக்கவும் மிளகாய் அரைக்கவும் எல்லா ஊர்க்காரர்களும் எப்படியும் வருவார்கள் அல்லவா, அந்த வசதி.

அந்த ஒரு வார்த்தையை எங்கள் பக்கத்து ஆட்கள் பாடாய்ப் படுத்தினார்கள். புது ஆள் ஊருக்குள் வந்தால், "நீ யாரு கேராஃப்?" என்பார்கள். யாரை நம்பி வந்தாய் என்று அர்த்தம். வீடு வாசல் இல்லாதவன் கேராஃப் பிளாட்பாரம். கணக்கு டீச்சர் என் நோட்டில் சிவப்பு மையில் கேர்லெஸ் என்று எழுதுவார். ஆஸ்பத்திரிக்குப் போனால், "கூட கேருக்கு ஆள் இருக்குதா?" என்று நர்ஸ் கேட்பாள். இங்கிலீஷ் ஒரு வரி தெரியாதவர்கூட இந்த வார்த்தையை மட்டும் சரியாகப் போடுவார்.

வந்த கடிதங்கள் அப்பாவின் தராசு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். அப்பாவுக்கு மூன்று சட்டங்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. இன்னொருத்தர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு வந்ததை ஆம்பளை படித்துச் சொல்லக் கூடாது. மூன்றாவது சட்டத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்போது பதினோராம் வகுப்பு. மத்தியானம் சாப்பிட வரும்போது யாராவது உட்கார்ந்திருப்பார்கள். "பாப்பா வந்துடுச்சி, படிக்கச் சொல்லுங்க" என்பார்கள். ஒரு பக்கம் மெஷின் ஓடும், ஒரு பக்கம் நான் அவர்கள் காதருகே கத்திப் படிப்பேன். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

3

பயிற்சியின் மத்தியானப் பகுதி தப்புகளைப் பற்றியது. மாத்திரை மாற்றிக் கொடுத்தாலோ, ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தாலோ அதற்கு ஒரு படிவம் உண்டு. எத்தனை மணி, எந்த அறை, யார் பார்த்தது, உடனே என்ன செய்தீர்கள். அதைவிட முக்கியம், குடும்பத்தாரைக் கூப்பிட்டுத் தப்பை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல், சாக்குச் சொல்லாமல், எளிய வார்த்தையில். "மறைப்பது அவர்களை இரண்டாம் முறை காயப்படுத்துவது" என்றார் டேனியல். பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்தேன்.

இங்கே எனக்கு இந்தப் படிவங்கள் எல்லாம் பழகிவிட்டன. வந்த புதிதில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் விலாசக் கட்டத்தில் கேர் ஆஃப் என்று போட்டு என் கணவர் பெயரை எழுதுவேன். கவுண்டரில் இருந்த பெண், "நீங்கள் அந்த வீட்டில்தானே இருக்கிறீர்கள், பிறகு எதற்கு இன்னொருவர் பொறுப்பில் என்று எழுதுகிறீர்கள்?" என்று கேட்டாள். ஊரில் கேராஃப் போடாத விலாசத்தை நான் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

மகள் லண்டனில் இருக்கிறாள். பதினைந்து வயதில் எதைச் சொன்னாலும் "ஐ டோன்ட் கேர்" என்று கதவைச் சாத்துவாள். இப்போது முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து ஏழு நிமிஷம் பேசிவிட்டு "டேக் கேர் மா" என்று வைக்கிறாள். கதவு சாத்துகிற சத்தம் மட்டும்தான் இல்லை. டேனியல் சொன்னதை அவளிடம் சொன்னேன். "இன்ட்ரெஸ்டிங்" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

4

பச்சையம்மாவுக்கு ஓமந்தூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். கழனி வேலை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் முன் பல் ஒன்று போய்விட்டது. அவளுடைய ஒரே மகள் ராணி, ரயில்வேயில் தண்டவாள வேலை செய்யும் ஒருவனோடு போய் விழுப்புரத்தில் குடித்தனம் போட்டுவிட்டாள். ராணியின் அப்பா கையில் கற்பூரம் வைத்து அணைத்து, இனி எனக்கு மகளே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டார். அவள் பேரை எடுத்தால் பச்சையம்மாவும் வெளியே போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்கு ஒரு கார்டு வந்தாலும் போச்சு.

ஆகவே ராணியின் கடிதங்கள் எங்கள் மில்லுக்கு வந்தன. ராணி எட்டாவது வரை படித்தவள். குண்டு குண்டான எழுத்து. பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இரண்டு படி கேப்பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வருவாள். கேப்பை வெறும் சாக்குத்தான். சில வாரம் அரைக்காமலேயே திருப்பி எடுத்துப் போயிருக்கிறாள்.

நான் படிப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். முடிந்ததும், "இன்னொரு தபா படி பாப்பா" என்பாள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் சிரிப்பாள். பிறகு கடிதத்தை என்னிடமே கொடுத்து, "டின்னுல போட்டு வை. ஊட்டுக்கு எடுத்துக்கினு போனா வம்பு" என்பாள்.

ராணி முழுகாமல் இருப்பது எனக்குத்தான் முதலில் தெரியும். படித்துச் சொன்னதே நான்தானே. அந்த மத்தியானம் பச்சையம்மா மில் வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அப்பாகூட மேஜையை விட்டு எழுந்து வந்து, "இன்னா பச்சையம்மா, நல்ல சேதிக்குப் போயி" என்றார். "பாக்க முடியலீங்களே" என்றாள். மாசங்கள் ஏற ஏற அவள் மில்லுக்குள் நுழையும்போதே, "கொயந்த பொறந்துதாமா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவாள்.

5

அந்தக் கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. இன்லேண்டு லெட்டர். நான் மத்தியானம் சாப்பிட வந்தபோது டின்னில் மேலாக இருந்தது. குண்டு எழுத்து, பின்னால் விழுப்புரம். மாசம் நிறைந்துவிட்டது என்பதால் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. குழந்தை பிறந்த சேதி. வேறென்ன இருக்க முடியும்?

நம் பக்கம் தெரியாத இளையவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சேதி எழுதினால் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். சாவுச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு. கறுப்பு வந்ததை வீட்டுக்குள் எடுத்துப் போக மாட்டார்கள், வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கடிதம் கையில் வந்தவுடன் விஷயம் தெரிந்துவிடும்.

ராணியின் கடிதத்தில் மஞ்சள் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு மஞ்சளுக்கு எங்கே போவாள் என்று நினைத்தேன். எங்கள் மில்லிலோ மஞ்சளுக்குப் பஞ்சமா? மசாலா மெஷின் வாயில் எப்போதும் படிந்திருக்கும். ஒரு விரலால் தொட்டேன். நாலு மூலையிலும் தடவினேன். பிரிக்கவில்லை, அப்பா சட்டத்தை மீறவில்லை. நாளைக்குப் பச்சையம்மா அதைக் கையில் வாங்கும்போது, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் முகம் மலருமே, அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறு ஒன்றும் இல்லை. சத்தியமாக வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் இழுத்துவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு வர முடியவில்லை. பச்சையம்மா வந்தபோது கடிதத்தை எடுத்துக் கொடுத்தவர் அப்பா. சாயங்காலம் அப்பாவே சொன்னார்.

"மஞ்சளப் பாத்ததும் கண்ணுல ஒத்திக்கினா. பாப்பா சாயந்திரம் வரும், இருன்னேன். நல்ல சேதிதானேங்க, செவ்வாக்கெழமைல பிரிக்க வாணாம், வெள்ளிக்கெழமை வெத்தல பாக்கோட வந்து படிக்கச் சொல்றேன்னு பூட்டா. இந்தத் தபா கையோட ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிருக்குறா, சாமிகிட்ட வெக்கணுமாம்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று. அன்றைக்கு நான் பட்ட வருத்தம் அது ஒன்றுதான்.

6

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு. ஒரு தூக்கில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு. அரைக்க வந்திருந்த பெண்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். கடிதம் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. அதன் மேல் குங்குமமும் ஒரு பூவிதழும் ஒட்டியிருந்தன.

பக்குவமாகப் பிரித்தேன். தேதி முந்தின சனிக்கிழமை.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். இத்தனை வருஷத்தில் ஒரு சொல் மறக்கவில்லை. "அன்புள்ள அம்மாவுக்கு ராணி எழுதிக்கொண்டது. நான் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருக்கிறேன். கால் கை வீங்கிவிட்டது. ரத்தம் ரொம்பக் கம்மி என்று டாக்டரம்மா திட்டுகிறார்கள். சொந்தத்தில் யாராவது வந்து ரத்தம் கொடுத்தால் நல்லது என்கிறார்கள். அவருடையது எனக்குச் சேரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. புதன்கிழமைக்குள் வா. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

முதல் வரிக்குப் பிறகு என் குரல் நின்றுவிட்டது. பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னா பாப்பா, ஆம்பளப் புள்ளயா? பொண்ணாருந்தாலும் சொல்லு" என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார். பெல்ட் சுற்றி ஓய்ந்ததும் மில்லில் கேட்ட அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த அமைதியில்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அவள் கத்தவில்லை. "மஞ்சத் தடவிருக்குதே" என்றாள். மறுபடி, "மஞ்சத் தடவிருக்குதேம்மா" என்றாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மூலைகளைத் தடவிப் பார்த்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவளை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

சாயங்காலம் அப்பா மட்டும் திரும்பி வந்தார். கிணற்றடியில் நேராகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. அம்மா வேட்டி கொண்டுபோனபோது, "நேத்து காலையிலயாம். கொயந்த இருக்குது. பொட்டப் புள்ள" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை தபால்காரரை நிறுத்தி, இனிமேல் கேராஃப் கடிதம் எதுவும் இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று ஊரெல்லாம் கேட்டது. "ஜோலி சாஸ்தியா பூட்ச்சி" என்று ஒரே பதில்தான். பிஸ்கட் டின்னில் ராணியின் பழைய கடிதங்கள் இருந்தன. அவற்றைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு டின்னைக் காயலான் கடைக்குப் போட்டார். அப்பா சாகும் வரை நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமையே அவள் பிரித்திருந்தால் புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் போயிருப்பாள். நாற்பது கிலோமீட்டர். அவள் ரத்தம் சேர்ந்திருக்குமா, சேர்ந்திருந்தாலும் ராணி பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மாவைப் பார்த்துவிட்டாவது போயிருப்பாள். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

7

குழந்தைக்கு உமா என்று பெயர் வைத்தார்கள். செத்த பிறகு கோபம் எதற்கு என்று ராணியின் அப்பா பேத்தியை வீட்டுக்குள் விட்டுவிட்டார்.

எண்பதுகள் முடியும்போது எனக்கு இங்கிலாந்து மாப்பிள்ளை அமைந்தது. பாஸ்போர்ட், விசா என்று சென்னைக்கு அலைந்து, ஒரு வழியாகக் கிளம்புகிற வாரம். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்லாமல் விமானம் ஏறினால் அது கூடவே வரும் என்று பயம். பச்சையம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை கொண்டுவந்திருந்தாள், உமாவும் கூட வந்திருந்தது. மில்லுக்குப் பின்னால் புளியமரத்தடிக்கு அவளைத் தனியாகக் கூட்டிப் போனேன்.

"யக்கா, அந்த லெட்டருல மஞ்சள்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா பாப்பா. சாவப் போற நேரத்துலகூட எம்பொண்ணு மஞ்சத் தடவி அனுப்பிருக்குறா பாரு. அம்மா பயந்துறக் கூடாதுன்னு. அத நெனச்சிக்கினுதான் நான் உசுரோட கீறேன். நீ நல்லபடியா போயிட்டு வா. அத்தெல்லாம் மனசுல வெச்சிக்காத."

என்ன செய்வேன்? அவளைத் தாங்கி நிற்கிற ஒன்றை எப்படிப் பிடுங்குவது? வாயை மூடிக்கொண்டேன். மல்லாட்டைப் பையை வாங்கிக்கொண்டேன். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று நினைத்தபடியே இத்தனை வருஷம் இங்கே ஓட்டினேன். கொஞ்சம் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அது விமானத்தில் கூடத்தான் வந்தது. விடுதியில் யாருக்காவது கடிதம் வந்தால் நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன், வேறு யாரையாவது அனுப்புவேன். சமையலில் மஞ்சள் தூளைக் கரண்டியால்தான் எடுப்பேன். விரலில் பட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பேன். மகள் சின்ன வயதில் அதைப் பார்த்துக் கேலி செய்வாள். சில பிற்பகல்களில், கூடத்தில் எல்லோரும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு கிழவி மட்டும் விழித்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் போய் அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவேன். ஏன் திருப்பினாய் என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வெளிச்சத்துக்காக என்று கேர் பிளானில் எழுதி வைத்திருக்கிறேன்.

8

பயிற்சி நடந்த அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து ஒரு போன். தெரியாத நம்பர்.

"அக்கா, நான் உமா பேசுறேன். பச்சையம்மா பேத்தி. உங்க தம்பிகிட்டதான் நம்பர் வாங்குனேன்."

நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணின் குரல். வானூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை, இரண்டு பிள்ளைகள். பச்சையம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது, காரியம் எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆறுதலாக ஏதோ சொன்னேன். தமிழில் இந்த மாதிரி நேரத்தில் சொல்கிற வார்த்தைகள் எனக்குக் குறைந்துகொண்டே வருகின்றன.

"ஆயா பொட்டிய ஒழிச்சிக்கினு இருந்தேங்க்கா. எங்கம்மாவோட லெட்டரெல்லாம் இருக்குது. கடைசி லெட்டரும் இருக்குது. நாலு மூலையிலும் மஞ்சள் அப்பிடியே ஒட்டிக்கினு இருக்குது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அத நீங்கதானே படிச்சிங்க? வந்தப்பவே மஞ்சள் இருந்துச்சா? அம்மாதானே தடவினது?"

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. டேனியல் சொன்னது தலைக்குள் சூடாக இருந்தது. குடும்பத்தாரிடம் நம் வாயால் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது, மறைப்பது இரண்டாம் காயம். பச்சையம்மாவும் போய்விட்டாள், இனி யாருடைய மனசைக் காப்பாற்ற வேண்டும்? இத்தனை வருஷம் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்துவிட்டது.

"இல்லம்மா. நான்தான் தடவினேன். உங்கம்மா இல்ல. மில்லுல இருந்த மஞ்சள். அதனாலதான் உங்க ஆயா மூணு நாள் பிரிக்காம வெச்சிருந்தாங்க. தப்பு என்னோடது."

போனில் அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"அப்போ ஆயா சொன்னது நெஜந்தானா" என்றாள் உமா.

"ஆயா என்ன சொன்னாங்க?"

"அது மில்லு மஞ்சள்டீ, மெளகா நெடி சேந்து அடிக்குது, ஆஸ்பத்திரியில யாரு மஞ்சத் தூள் வெச்சிக்கினு இருப்பாங்கன்னு. அந்தப் பாப்பா ஆசையா தடவிருக்கும், அதுகிட்ட கேட்டுறாத, தாங்காது அதுன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா சொல்லும். நான்தான் நம்பல. எங்கம்மாதான் தடவினாங்கன்னு ஆயாகூட சண்ட போடுவேன்."

புளியமரத்தடியில் அவள் என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறந்ததும் என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பெண்ணைத் தாங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவள் அத்தனை வருஷமும் என்னைத் தாங்கியிருக்கிறாள். மகளைப் பறிகொடுத்தவள்! "உமா" என்றேன்.

"இல்லக்கா, நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. நான் கேட்டேன், சொன்னீங்க." அவள் குரல் உடைந்துவிட்டது. "அந்த லெட்டரு முழுக்கப் பயந்தான்க்கா இருக்குது. வீக்கம், ரத்தம், பயமா இருக்குது. நான் வரப்போறேன்னு சந்தோசமா ஒரு வார்த்த கெடையாது. மஞ்சள் ஒண்ணுதான் எனக்காக வெச்சதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்கம்மாவுக்கு நான் வர்றதுல சந்தோசந்தான்னு அது ஒண்ணுதான் சொல்லுச்சு. சரிக்கா. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அந்த மஞ்சள் சந்தோஷத்தில் தடவியதுதானே. நீ பிறந்துவிட்டாய் என்று நினைத்து, அது பொறுக்காமல் தடவியதுதானே. அந்தத் திங்கட்கிழமை, ராணி பயந்துகொண்டு படுத்திருந்தபோது, பச்சையம்மாவுக்கு ஒன்றும் தெரியாதபோது, உமா வந்துவிட்டாள் என்று உலகத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நான். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தப்பைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது. அவள் எடுப்பதில்லை.